ஊர் என்ன நினைக்கும்? சமூக உளவியல்: வாசகர் கேள்வி பதில்

சமூக உளவியல் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆதங்கத்தை வெவ்வேறு கோணங்களிலிருந்து எழுப்பியிருந்தன: நல்லது எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் நடைமுறையில் ஏன் எதுவும் மாறுவதில்லை? இடம் கருதி ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் பட்டதாரிகள். ஆனாலும் குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்ற பழைய செய்தி அவ்வப்போது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. பொய் என்று ஆதாரத்துடன் சொன்னாலும் சில மாதங்களில் அதே செய்தியை மீண்டும் அனுப்புகிறார்கள். கல்வி இருந்தும் வதந்தியை நம்புவது ஏன்? (வாசகி, திருவண்ணாமலை)

பதில்: இந்த வதந்தி என்ன செய்யும் என்பதை உங்கள் மாவட்டம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2018 மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்வதற்காகச் சென்னையிலிருந்து உறவினர்களுடன் போளூர்ப் பக்கம் வந்த மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகக் கடத்தல்காரர் என்று சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற சிற்றூரில் ஐந்து பேர் இதே சந்தேகத்துக்குப் பலியானார்கள்.

வதந்தியைப் பற்றி உலகில் நடந்த ஆரம்பகால ஆய்வுகளில் முக்கியமான ஒன்று நம் நாட்டைச் சேர்ந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, அதைத் தொடர்ந்து மக்களிடையே உலவிய பேச்சுகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டி, 1935-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கங்கை நீர் மறைந்துபோய், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துவிட்டார்கள் என்றார்கள். குறிப்பிட்ட தேதியில் பாட்னாவைப் புயல் தாக்கும் என்றார்கள். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பெரும் நிலநடுக்கம் வரும் என்றார்கள். இவை, நில அதிர்வை உணர்ந்தும் பெரிய சேதத்தைக் கண்ணால் காணாத பகுதிகளில் உலவியவை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிற்காலத்தில் துர்கானந்த் சின்ஹா என்ற உளவியலாளர் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பிறகு அங்கிருந்த பேச்சுகளை ஆராய்ந்து 1952-இல் வெளியிட்டபோது, அழிவை நேரில் பார்த்தவர்களிடையே அப்படிப்பட்ட மிகையான அச்சமூட்டும் வதந்திகள் காணப்படவில்லை.

இந்த வேறுபாட்டை அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் கையிலெடுத்தார். கண் முன்னே இடிந்த வீடுகள் இருந்தால் பயத்துக்கான காரணம் அங்கேயே இருக்கிறது. உடல் நடுங்கியிருக்கிறது, ஆனால் சுற்றிலும் எல்லாம் அப்படியே இருக்கிறது என்றால், அந்தப் பயத்துக்குப் பொருத்தமான காரணம் ஒன்று மனத்துக்குத் தேவைப்படுகிறது; அதை வதந்தி தருகிறது. மனத்துக்குள் ஒன்றோடொன்று பொருந்தாதவை சேர்ந்திருக்கும்போது ஏற்படும் முரணைக் குறைக்கவே மனிதர்கள் முயல்கிறார்கள் என்று 1957-இல் அவர் விரிவாக முன்வைத்த கோட்பாட்டுக்கு, பாட்னா மக்களின் இந்தப் பேச்சுகள் ஒரு தூண்டுகோல். உங்கள் உறவினர்கள் நிலையும் இதுதான். நகரத்து அடுக்குமாடியில் அண்டை வீட்டார் யார் என்று தெரியாமல் பிள்ளைகளை வளர்ப்பவர்களிடம் இனம் புரியாத ஓர் அச்சம் எப்போதும் இருக்கிறது. அந்தச் செய்தி அதற்கு ஓர் உருவம் கொடுக்கிறது. அதை அனுப்பும்போது அவர்கள் ஒரு தகவலுக்குச் சாட்சி சொல்வதாக எண்ணுவதில்லை. குடும்பத்தின்மேல் தமக்குள்ள அக்கறையைத் தெரிவிப்பதாகவே எண்ணுகிறார்கள். அக்கறைக்கு ஆதாரம் கேட்பவர்மீது கோபம் வருவதில் வியப்பில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது உண்மை என்ற உணர்வு வளரும் என்பது 1977-இல் சோதனை மூலம் காட்டப்பட்டு, அதன்பின் பலமுறை உறுதிப்பட்ட முடிவு. இது மனம் இயங்கும் விதம். பட்டம் பெற்றவர்களுக்கும் விலக்கில்லை.

அப்படியானால் கற்பித்துப் பயனில்லையா என்று கேட்பீர்கள். பீகாரிலேயே இதற்கு இரண்டு விடைகள் கிடைத்திருக்கின்றன. 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிவியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு கள ஆய்வு நடத்தினார். பொய்ச் செய்தியைக் கண்டறிவது எப்படி என்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நேரில் கற்பித்தும், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பலன் எதுவும் தென்படவில்லை. பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும் பீகார் அரசு அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து 583 கிராமங்களில் 13,500 மாணவர்களை உள்ளடக்கிய ஆய்வை மேற்கொண்டு, நான்கு மாதப் பாடத்திட்டமாக இதையே நடத்தியபோது நிலைமை மாறியது. பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் திறன் மாணவர்களிடம் கூடியது. மேலும் நான்கு மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் முன்னேற்றம் தென்பட்டது. ஒரு நாள் சொற்பொழிவால் முடியாதது, உடன் படிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து நான்கு மாதம் பழகிய வழக்கத்தால் முடிந்திருக்கிறது.

உங்கள் குழுவுக்கு என் யோசனை சிறியது. செய்தி வந்த பிறகு மறுப்பதைவிட, வருவதற்கு முன்பே, அமைதியான ஒரு நாளில், குழுவில் மதிப்புள்ள மூத்தவர் ஒருவரைக் கொண்டு, ‘அனுப்புவதற்கு முன் இது உண்மைதானா என்று ஒருமுறை யோசிப்போம்’ என்று சொல்ல வையுங்கள். ஒரே ஒரு செய்தியின் உண்மைத்தன்மையை மதிப்பிடச் சொல்லிக் கேட்டாலே, அதன்பின் மக்கள் பகிர்பவற்றின் தரம் ஓரளவு உயர்கிறது என்பதை 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பெரும்பாலோர் பொய்யை விரும்பி அனுப்புவதில்லை. அனுப்பும் கணத்தில் உண்மையா பொய்யா என்பது அவர்கள் நினைவுக்கே வருவதில்லை. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியதும், 2020-இல் பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு அதை ஒன்றாகக் குறைத்ததும் இந்தக் கணத்தைச் சற்று நீட்டுவதற்காகத்தான்.

கேள்வி: நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது, கைபேசியில் படம் பிடிக்கிறார்கள், தூக்க யாருமில்லை. நம் மக்களிடம் மனிதாபிமானம் செத்துவிட்டதா? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், உளுந்தூர்ப்பேட்டை)

பதில்: இதே கேள்வியைத்தான் 1964-இல் நியூயார்க் நகரமும் கேட்டது. கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தம் குடியிருப்புக்கு அருகே குத்திக் கொல்லப்பட்டபோது, 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் காவல்துறையை அழைக்கவில்லை என்று புகழ்பெற்ற நாளிதழ் ஒன்று முதல் பக்கத்தில் எழுதியது. அந்தச் செய்தியால் தூண்டப்பட்ட ஜான் டார்லி, பிப் லாட்டனே ஆகிய இரு உளவியலாளர்களும் 1968-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் இருப்பவருக்கு வலிப்பு வந்துவிட்டதாக ஒலிபெருக்கி வழியே கேட்கும்போது, தான் ஒருவரே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் உரிய நேரத்தில் உதவி தேடி ஓடினார்கள். தம்மைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினர் மட்டுமே ஓடினார்கள். ஓடாதவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களில் பலர் கை நடுங்க, உள்ளங்கை வியர்க்க உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பு பல பேரிடம் பங்காகும்போது ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துவிடுகிறது. அதோடு, மற்றவர்கள் சும்மா நிற்பதைப் பார்த்து, ‘ஒருவேளை இது அவ்வளவு ஆபத்தில்லை போலும்’ என்று ஒவ்வொருவரும் எண்ணுகிறார்கள்; அவர்கள் அப்படி நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் அதையே எண்ணுகிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 38 சாட்சிகள் என்ற அந்தச் செய்தியே ஆதாரமற்ற மிகை என்பது பின்னாளில் தெளிவானது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து, உயிர் பிரியும் நேரத்தில் கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களில் பொது இடங்களில் நடந்த 219 சச்சரவுகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது சம்பவங்களில் பார்வையாளர் ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆள் கூடக்கூட யாராவது உதவும் வாய்ப்பும் கூடியது. எனவே மனிதாபிமானத்துக்கு இரங்கற்பா எழுதுவதற்கு அவசரம் வேண்டாம்.

நம் சாலைகளில் இன்னொரு தடை இருந்தது. தூக்கிச் சென்றவரையே காவல்துறை அலைக்கழிக்கும், மருத்துவமனை முன்பணம் கேட்கும் என்ற பயம் கற்பனையில் பிறந்ததல்ல. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுபவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவுபவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்பு வரை அரசே ஏற்கிறது. இவற்றை அறியாதவர்கள் இன்னும் ஏராளம். நீங்கள் அப்படிப்பட்ட கூட்டத்தில் நிற்க நேர்ந்தால், ‘யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்’ என்று பொதுவாகக் கத்த வேண்டாம். ஒருவரைக் கைகாட்டி, ‘நீலச் சட்டைத் தம்பி, நீங்கள் 108-ஐ அழையுங்கள், அக்கா, நீங்கள் தண்ணீர் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லுங்கள். பெயரில்லாமல் நின்ற கூட்டத்திலிருந்து அவர் தனி மனிதராக வெளியே வந்துவிடுவார்.

கேள்வி: பருவநிலை மாற்றம் குறித்து நான் ஒருவன் மட்டும் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது? எங்கள் தெருவில் யாருக்கும் அந்த எண்ணமே இல்லை. (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் தெருவில் இருப்பவர்களும் உங்களைப் பற்றி இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் கேட்டு 2024-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், புவி வெப்பமாதலைத் தடுக்கத் தம் மாத வருமானத்தில் ஒரு விழுக்காட்டைத் தரத் தயார் என்று 69 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆனால் தம் நாட்டில் எத்தனை பேர் அப்படித் தயாராக இருப்பார்கள் என்று கேட்டபோது, அவர்கள் சொன்ன மதிப்பீடுகளின் சராசரி 43 விழுக்காடு. சொன்னதையெல்லாம் எல்லோரும் செய்துவிடுவார்கள் என்று நம்ப வேண்டியதில்லை. கருத்துக் கணிப்பில் கொடையாளி ஆவது எளிது. என்றாலும் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி உண்மையானது. அந்த இடைவெளிக்குள்தான் பல நல்ல எண்ணங்கள் வாய் திறக்காமல் கிடக்கின்றன.

இந்த இடத்தில் நம் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் பெரும்பாலும் தலைகீழாக வேலை செய்கின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று உண்டு. அங்கே வருபவர்கள் கல்மரத் துண்டுகளை எடுத்துச் செல்வதைத் தடுக்க, உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் இரண்டு விதமான அறிவிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்ற பலகை இருந்த பாதையில் அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 1.67 விழுக்காடு காணாமல் போயின. ‘முன்பு வந்தவர்களில் பலர் எடுத்துச் சென்றதால் காடு சிதைகிறது’ என்று வருத்தப்பட்ட பலகை இருந்த பாதையில் 7.92 விழுக்காடு காணாமல் போயின. பலர் எடுக்கிறார்கள் என்பதே, எடுப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது. ‘எத்தனை சொன்னாலும் எல்லோரும் இங்கேதான் குப்பை கொட்டுகிறார்கள்’ என்று தெருமுனையில் எழுதிவைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மின்சாரத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் 2007-இல் வெளியான ஆய்வொன்றில், அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரி மின் நுகர்வு எவ்வளவு என்று வீடு வீடாகத் தெரிவித்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஆனால் ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்கள் சராசரியை நோக்கி உயர்ந்துவிட்டார்கள். அந்தச் சிக்கனக்காரர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து பாராட்டியதும் அந்த ஏற்றம் நின்றது. இதே முறையைப் பின்னர் லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளுக்கு விரித்தபோது சராசரியாகக் கிடைத்த சேமிப்பு ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான். இரண்டு விழுக்காட்டை இகழ வேண்டாம். ஆனால் நிலக்கரி மின்நிலையங்களை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சிரித்த முகம் பதிலாகாது. அது அரசின் கொள்கை சார்ந்த வேலை. அந்தக் கொள்கைக்கு மக்கள் ஆதரவு இருக்கிறது என்பதை ஆட்சியாளர்களுக்குக் கேட்கும்படி சொல்வது உங்களைப் போன்றவர்களின் வேலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்குத் தடை இருந்தும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். மஞ்சள் நிறப் பை தூரத்திலிருந்தே கண்ணில் படும். கடைத்தெருவில் பத்துப் பேர் கையில் அதைப் பார்த்த பிறகு, பதினோராவது ஆளுக்கு அதைத் தூக்கிச் செல்வதில் கூச்சமில்லை.

கேள்வி: திருமணத்துக்குப் பின் நான் வேலைக்குச் செல்வதில் என் கணவருக்கு ஆட்சேபணை இல்லை. ‘எனக்குச் சம்மதம்தான், ஊர் என்ன சொல்லும் என்றுதான் யோசிக்கிறேன்’ என்கிறார். இதற்கு என்ன செய்வது? (வாசகி, ஆம்பூர்)

பதில்: ஊரில் உள்ள மற்ற கணவர்களும் இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மணமான இளைஞர்களிடம் பொருளியலாளர்கள் மூவர் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலை செய்ய அனுமதிக்கப்பட வேண்டும் என்று 87 விழுக்காட்டினர் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதே அறையில் இருந்த, தம் பகுதியைச் சேர்ந்த மற்ற ஆண்களில் எத்தனை பேர் அப்படி நினைப்பார்கள் என்று கேட்டபோது, முக்கால்வாசிப் பேர் குறைத்தே மதிப்பிட்டார்கள். உண்மையான எண்ணிக்கையை அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தெரிவித்தார்கள். தெரியாதவர்களில் 23 விழுக்காட்டினர் தம் மனைவியை வேலைவாய்ப்புச் சேவை ஒன்றில் பதிவு செய்தார்கள். தெரிந்தவர்களில் 32 விழுக்காட்டினர் பதிவு செய்தார்கள். சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது, வெளியே வேலைக்கு விண்ணப்பித்த, நேர்காணலுக்குச் சென்ற மனைவியரும் இரண்டாம் பிரிவில் கூடுதலாக இருந்தார்கள். யாரும் யாருக்கும் பெண்ணுரிமை பற்றிப் பாடம் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் கணவரின் நண்பர்களில், மனைவி வேலைக்குப் போகும் இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு அழைத்து, அந்தப் பேச்சை அவர்களே எடுக்கும்படி செய்யுங்கள். நீங்கள் சொல்லும் நூறு நியாயங்களைவிட அது அவர் காதில் நன்றாக விழும். இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு: உங்கள் உழைப்பு பற்றிய முடிவுக்கு அவருடைய நண்பர்களின் கருத்து தேவைப்படுவது நியாயமல்ல. ஆனால் நீங்கள் கேட்டது வழி என்பதால் வழியைச் சொன்னேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியைக் காட்டிக்கொள்கிறார்கள். கலந்து விளையாட வைத்தால் பகை குறையும் என்கிறார்கள் சிலர்; விளையாட்டே சண்டையில் முடிகிறது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? (தலைமையாசிரியர், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: இரண்டும் சரி; எப்படிக் கலக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெவ்வேறு குழுவினர் பழகினாலே வெறுப்பு குறைந்துவிடாது. சமமான நிலை, பொதுவான இலக்கு, போட்டியின்றி ஒத்துழைக்கும் தேவை, மேலிருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால் பழக்கம் பலன் தரும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். சாதி விஷயத்தில் இதை நேரடியாகச் சோதித்தவர் மேட் லோ என்ற பொருளியலாளர். உத்தரப்பிரதேசத்தில் இளைஞர்களுக்காகக் கிரிக்கெட் போட்டித் தொடர்களை நடத்தி, சிலரைப் பல சாதியினர் கலந்த அணிகளிலும் சிலரை ஒரே சாதி அணிகளிலும் குலுக்கல் முறையில் சேர்த்தார். 2021-இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் அதிகமானார்கள். தம் சாதிக்காரருக்கே சாதகமாக வாக்களிக்கும் போக்கும் குறைந்தது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. அவர்களிடம் நட்பு குறையவும் செய்தது. தெருவுக்குத் தெரு அணி பிரித்து ஆட விட்டால் சண்டையில் முடிகிறது என்று சொல்பவர்களின் அனுபவம் இதற்குள் அடங்கிவிடுகிறது. அணிக்குள் கலக்க வேண்டும். அணிகளுக்கு இடையே மட்டும் கலந்தால் போதாது.

வகுப்பறையைப் பற்றியும் நம் நாட்டிலேயே சான்று உள்ளது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளிகள் ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் வந்த பிறகு, அவர்களோடு படித்த பணக்காரக் குழந்தைகளைக் கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். அந்தக் குழந்தைகள் தாராள மனப்பான்மையிலும் தொண்டு செய்வதிலும் மேம்பட்டிருந்தார்கள். அஞ்சல் ஓட்டப் போட்டிக்குத் துணைவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஏழைக் குழந்தைகளை ஒதுக்குவதும் குறைந்திருந்தது. படிப்புக்காகப் பிரிக்கப்பட்ட சிறு குழுக்களில் ஏழைக் குழந்தைகளோடு சேர்க்கப்பட்டவர்களிடம் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. இருக்கை வரிசையும் ஆய்வகக் குழுவும் உங்கள் கையில் இருக்கின்றன.

ஆனால் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஐ.எஸ். அமைப்பால் ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஈராக் கிறித்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துச் சல்மா மூசா என்ற அரசியல் அறிவியலாளர் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. போட்டி முடிந்து ஆறு மாதங்கள் கழித்தும் கிறித்தவ வீரர்கள் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள். கலப்பு அணியில் மீண்டும் பதிவு செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசூல் நகருக்குச் சென்று உணவகத்தில் சாப்பிடும் அளவுக்கு அந்த நம்பிக்கை நீளவில்லை. உங்கள் பள்ளி வாசலுக்கு வெளியே ஊர் அப்படியே இருக்கும்போது, கைக்கயிற்றை அவிழ்க்கும் சுமையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தோளில் மட்டும் வைக்க முடியாது. 2023-இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் வீட்டில் வைத்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குதல் போன்றவற்றைப் பரிந்துரைத்தது. ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிபந்தனையான மேலிடத்து ஆதரவு என்பது இப்படிப்பட்டவற்றைத்தான் குறிக்கிறது.

தடையோடு நில்லாமல் இன்னொன்றும் செய்யலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 56 பள்ளிகளில் எலிசபெத் பலக் என்ற உளவியலாளரின் குழுவினர் நடத்திய ஆய்வில், சக மாணவர்களின் கவனத்தைப் பெற்றிருந்த பிள்ளைகள் யார் என்று மாணவர்களிடமே கேட்டுக் கண்டறிந்தார்கள். சண்டைக்கு எதிரான செயல்பாட்டை, ஆசிரியர்கள் வாயால் அல்லாமல், மாணவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். ஓராண்டில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மோதல்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன; கவனம் பெற்ற பிள்ளைகள் அதிகம் பங்கேற்ற பள்ளிகளில் பலனும் அதிகமாக இருந்தது. அவர்கள் எப்போதும் வகுப்பின் முதல் மாணவர்களாக இருப்பதில்லை. உங்களுக்குத் தலைவலி தரும் கடைசி இருக்கைக்காரர்களும் அதில் இருக்கலாம்.

கேள்வி: உளவியல் சோதனைகள் பலவும் பொய்யென்று தெரிந்துவிட்டதாகப் படித்தேன். பிறகு எதை நம்புவது? தொலைக்காட்சித் தொடர்களால் சமூகத்தை மாற்றலாம் என்பதும் அப்படிப்பட்ட ஒன்றுதானா? (வாசகர், மதுரை)

பதில்: பொய் என்பது கடுமையான சொல், உறுதியற்றவை என்று சொல்லலாம். 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடியும் செய்து பார்த்தபோது 36 விழுக்காட்டில் மட்டுமே அதே முடிவு வலுவாகக் கிடைத்தது; சமூக உளவியலின் நிலை அந்தச் சராசரியைவிட மோசமாக இருந்தது. காவலர், கைதி வேடமிட்ட 1971-ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில், காவலர்கள் எப்படிக் கடுமை காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டது ஆவணங்களிலிருந்து வெளிப்பட்டது. ஆய்வகத்தில் சில கல்லூரி மாணவர்களிடம் கிடைத்த வியப்பூட்டும் முடிவை நான் இப்போதெல்லாம் தள்ளியே வைக்கிறேன். இந்தப் பக்கங்களில் நான் பெரும்பாலும் மேற்கோள் காட்டியவை தெருவிலும் பள்ளியிலும் மைதானத்திலும் பெரும் எண்ணிக்கையில் நடந்த ஆய்வுகள்.

தொடர்களைப் பொறுத்தவரை ருவாண்டாவைப் பார்க்கலாம். 1994 இனப்படுகொலையில் வெறுப்பைத் தூண்ட வானொலி பயன்பட்ட நாடு அது. அங்கே 2004-இல் தொடங்கிய சமரச வானொலி நாடகம் ஒன்றைச் சில சமூகங்களும், உடல்நலம் பற்றிய வேறு நாடகத்தைச் சில சமூகங்களும் ஓராண்டு கேட்கும்படி, முந்தைய பதிலில் குறிப்பிட்ட எலிசபெத் பலக் ஏற்பாடு செய்தார். 2009-இல் அவர் வெளியிட்ட முடிவு வினோதமானது. நாடகம் சொன்ன கருத்துகளைக் கேட்டவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களுடைய தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் தம் சமூகத்தில் எது ஏற்கத்தக்கது என்ற எண்ணம் மாறியது. வேறு குழுவில் மணம் முடிப்பதைத் தடுக்கக் கூடாது, மாற்றுக் கருத்தை வெளியே சொல்லலாம் என்பவை ஊர் வழக்கமாக அவர்களுக்குத் தோன்றத் தொடங்கின; நடத்தையும் அதன் வழியே சற்று மாறியது. அவர்கள் அதைத் தனித்தனியே கேட்காமல், கூடியிருந்து, அக்கம்பக்கத்தார் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தலையாட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

அதே பலக், அண்டை நாடான காங்கோவின் கிழக்குப் பகுதியில் நாடகத்துக்குப் பின் ஒரு விவாத நிகழ்ச்சியையும் சேர்த்து, கேட்டவர்களைப் பேசத் தூண்டிப் பார்த்தார். அவர்கள் அதிகம் பேசினார்கள். ஆனால் சகிப்புத்தன்மை குறைந்தது, பழைய குறைகள் மேலே வந்தன, பிடிக்காத குழுவுக்கு உதவும் விருப்பமும் குறைந்தது. நாடகத்தை மட்டும் கேட்டவர்களோடு ஒப்பிட்டுச் சொன்ன முடிவு இது. உங்கள் வீட்டில் இரவு எட்டு மணித் தொடருக்குப் பிறகு ஒன்பது மணி விவாதத்தையும் பார்க்கும் வழக்கம் இருந்தால், தொடரைவிட விவாதத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.